‘இரண்டு தமிழர்’ என்ற கதை

கொழும்பிலிருந்து அவிசாவளை, எட்டியாந்தோட்டை வழியாக அட்டனுக்கு ஏறும் பெருஞ்சாலையில், சமவெளி முடிந்து மலை தொடங்குமிடத்தில், களனி கங்கையின் கரையில் அமைந்த சிற்றூர் கித்துல்கல. கூந்தற்பனைக்குச் சிங்களத்தில் கித்துல் என்று பெயர். ஆனால் அம்மரத்தின் பெயரைத் தாங்கிய இவ்வூரை உலகம் அறிந்துகொண்டது ஒரு சினிமாப் படத்தினால். 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்துக்காக இங்கேதான் ஆற்றின் குறுக்கே மரப்பாலம் கட்டப்பட்டது. இங்கேதான் அது வெடிவைத்துத் தகர்க்கவும் பட்டது. எஞ்சியிருக்கும் அத்திவாரத்தைப் பார்க்க இன்றும் வெளிநாட்டார் வருகின்றனர்.

அப்படத்தின் கதைக்கு ஆதாரமாயிருந்தது, சயாமையும் பர்மாவையும் இணைப்பதற்காக ஜப்பானிய இராணுவம் 1942, 1943ஆம் ஆண்டுகளில் போட்ட ரெயில்பாதை. அவ்வேலையில் பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் மாண்டார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு தொகையினராய் மாண்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அவர்களுள் பல்லாயிரவர். படத்தில் ஆங்கிலேய அதிகாரியின் வீறாப்பு இருக்கிறது. கைதிகளின் அணிவகுப்பு இருக்கிறது. தமிழ்த் தொழிலாளியின் சாவுக்கு அதில் இடமில்லை. படம் பிடிக்கப்பட்ட ஆற்றங்கரையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலோ, மலாயாத் தமிழரைப் போலவே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டிக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அன்றும் பால் வெட்டிக்கொண்டும் கொழுந்து பறித்துக்கொண்டும் இருந்தார்கள்.

படமெடுத்தவர்கள் அந்நியர், அவர்கள் மறந்தது வியப்பன்று. ஆனால் நாம்? இலங்கைத் தமிழர் சரித்திரம் என்று நாம் எழுதிவைத்த ஏடுகளைப் புரட்டினால் நல்லூர் அரசர் வருகின்றனர், ஒல்லாந்தர் வருகின்றனர், நாவலர் வருகின்றார். கித்துல்கலவிலும் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் நான்கு தலைமுறையாய் உழைத்த தமிழர் வருவது அபூர்வம். வந்தாலும் தனியொரு பின்னிணைப்பாகவே வருகின்றனர். காரணம் கேட்டால் ஒரே விடைதான் கிடைக்கும்: “அவர்கள் வேறு, நாங்கள் வேறு. மொழி ஒன்றானாலும் கலாசாரம் வேறு.” இந்த விடையைச் சரித்திரத்தின் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், வேற்றுமைகள் என்று இரு பக்கத்தாரும் சொல்பவற்றைக் கேட்போம். யாழ்ப்பாணத்தார் ‘கதைக்கிறார்’, தோட்டத்தார் ‘பேசுகிறார்’. அங்கே ‘ஓம்’, இங்கே ‘ஆமாம்’. அங்கே ‘வாங்கோ’, இங்கே ‘வாங்க’. அங்கே கறி ‘உறைப்பு’, இங்கே ‘காரம்’. நீ என்றும் சொல்லாமல் நீங்கள் என்றும் சொல்லாமல் இடையில் நிற்கும் யாழ்ப்பாணத்து ‘நீர்’ தோட்டத்துக் காதுக்கு அந்நியமாய் ஒலிக்கிறது. அங்கே பிட்டும் இடியப்பமும். இங்கே கோதுமை மா ரொட்டியும் சம்பலும். அங்கே கோயில்தோறும் கந்தபுராணப் படிப்பு. இங்கே மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும். இவை கண்ணுக்கும் காதுக்கும் தெரியும் வேற்றுமைகள், எவரையும் புண்படுத்தாதவை.

இவற்றின்மேல் ஏற்றிவைக்கப்பட்ட தீர்ப்புகளோ வேறு வகையின. யாழ்ப்பாணத்தார் படிப்பாளிகள், சிக்கனக்காரர், கௌரவம் உள்ளவர்கள் என்றும், தோட்டத்தார் அறியாதவர்கள், நாளைக்கென்று சேர்க்கத் தெரியாதவர்கள், குனிந்து பழகியவர்கள் என்றும் ஒரு பக்கம் சொல்கிறது. யாழ்ப்பாணத்தார் கர்வம் பிடித்தவர்கள், கணக்குப் பார்ப்பவர்கள், ஏணியில் ஏறியதும் ஏணியை மறப்பவர்கள் என்று மறு பக்கம் சொல்கிறது. ‘வடக்கத்தியான்’, ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏச்சுச் சொற்களின் காயம் இன்னும் ஆறவில்லை. ஒரு மக்கட்கூட்டத்தின் இரத்தத்திலேயே ஊறிய இயல்புகள் இவை என்பதுதான் இத்தீர்ப்புகளின் உட்கிடை.

ஒரே மொழி பேசும் அயலார் இவ்விதம் ஒருவரையொருவர் அளந்துகொள்வது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கனடாவையும் அமெரிக்க ஐக்கிய நாடுகளையும் பாருங்கள். நெடுந்தூரம் நீளும் எல்லைக்கு இருபுறமும் பெரும்பாலோர் ஆங்கிலமே பேசுகின்றனர். ஒரே வகை உடை உடுக்கின்றனர். எனினும் கனடியர் அடக்கமானவர், சட்டத்துக்கு அஞ்சுபவர் என்றும், அமெரிக்கர் ஆரவாரக்காரர், தன்னலக்காரர் என்றும் கனடாவில் பேச்சு. கனடியர் துணிவற்றவர் என்பது மறுபக்கத்துப் பேச்சு. சீமோர் மார்ட்டின் லிப்செட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1990இல் எழுதிய நூலொன்றில் இவ்வேற்றுமையின் வேரைச் சரித்திரத்தில் தேடினார். 1776இல் புரட்சி செய்தவர்கள் ஒரு நாட்டை அமைத்தார்கள். அப்புரட்சியை ஏற்காமல் முடியாட்சிக்கு விசுவாசமாய் வடக்கே பெயர்ந்தவர்கள் மற்றதற்கு அடித்தளமிட்டார்கள் என்பது அவர் வாதம். அமெரிக்கப் பிரகடனம் சுதந்திரத்தையும் இன்பத்தைத் தேடும் உரிமையையும் பேசியது. 1867இல் கனடாவுக்கென இயற்றப்பட்ட சட்டமோ சமாதானத்தையும் ஒழுங்கையும் நல்லாட்சியையும் பேசியது.

இவ்வாதத்தோடு மற்றொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கனடியரின் இரக்க குணத்துக்குச் சான்றாக எல்லாரும் காட்டுவது அங்குள்ள பொது மருத்துவக் காப்புறுதி. அது குணத்தினால் விளைந்த கனியா? சஸ்காச்சுவான் மாகாணத்தில் விவசாயிகளும் தொழிலாளரும் கட்டியெழுப்பிய கட்சியின் அரசாங்கம் 1962 ஜூலையில் அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, மாகாணத்து வைத்தியர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த எதிர்ப்பைத் தாங்கி நின்று வென்றதே அத்திட்டம். போராடிப் பெற்றதைப் பின்வந்தோர் பிறவிக்குணம் என்று பெயரிட்டுக்கொண்டார்கள். கலாசார வேற்றுமை என்று எவரேனும் சொல்லும்போது, அது எப்பொழுது, யாரால், எந்தப் போராட்டத்தில் அல்லது எந்தச் சட்டத்தில் உண்டாயிற்று என்று கேட்கவேண்டிய கடமையை இது நமக்கு உணர்த்துகிறது.

அக்கேள்வியோடு நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1823ஆம் ஆண்டு இரண்டு காரியங்களின் தொடக்கமாக நினைவுகூரப்படுகிறது. அவ்வாண்டில் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் உயர்கல்விக்கான செமினரியைத் திறந்தார்கள். ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம் ஆகியவை தமிழ் இளைஞருக்கு அங்கே போதிக்கப்பட்டன. அதே ஆண்டையே, கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளையர் திறந்த கோப்பித் தோட்டத்துக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்துசேர்ந்த ஆண்டாக மலையக மக்கள் கணக்கிடுகின்றனர். ஒரே பேரரசின் குடைக்கீழ், ஒரே தீவில், ஏறத்தாழ ஒரே காலத்தில், தமிழ் பேசும் ஒரு கூட்டத்தாரின் கையில் பேனாவும் மற்றொரு கூட்டத்தாரின் கையில் மண்வெட்டியும் வைக்கப்பட்டன. பின்னர் வந்த நூறாண்டுகளில் ‘கலாசாரம்’ என்று பெயர் பெற்றவற்றுள் பெரும்பகுதி இந்த இரு கருவிகளின் வேறுபாட்டிலிருந்து பிறந்தது.

1869இல் கோப்பிச் செடியைப் பூஞ்சண நோய் தாக்கியது. கோப்பி மடிந்த இடத்தில் தேயிலை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த சரிவுகளில் ரப்பர் பரவியது. தோட்டத்து விளைபொருளைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல 1903இல் ஒடுங்கிய ரெயில்பாதை எட்டியாந்தோட்டை வரை வந்தது. கங்காணி தன் கிராமத்திலும் அயற்கிராமங்களிலும் ஆள் திரட்டினான். வழிச்செலவு தொழிலாளியின் பெயரில் கடனாயிற்று. அக்கடன் தீர்ந்ததைக் காட்டும் ‘துண்டு’ இன்றேல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இந்தத் துண்டு முறை மனிதனை மரத்தோடு கட்டிவைத்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஒரு குடும்பம், விடியுமுன் பெரட்டு, பால் குறைந்தால் அரைப்பேர். நாளைக்கென்று சேர்க்கத் தெரியாதவர்கள் என்று இவர்களைத்தானே சொல்கிறோம்! எதிலிருந்து சேர்ப்பது என்று எவரேனும் கேட்டதுண்டா?

இரு தமிழரும் நேருக்கு நேர் சந்தித்த முதற்களங்களுள் ஒன்று தோட்டத்துக் காரியாலயம். வட்டுக்கோட்டையும் அதன் வழிவந்த பள்ளிகளும் தந்த ஆங்கிலத்தோடு யாழ்ப்பாணத்து இளைஞர் கிளாக்கராகவும் மருந்து கொடுப்பவராகவும் தோட்டங்களுக்கு வந்தார்கள். ஒருவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்தார். மற்றவர் ஜன்னலுக்கு வெளியே நின்று, “ஐயா, இந்த மாதம் என் பேரில் நாலு நாள் குறைகிறதுங்க” என்றார். தாய்மொழி இருவருக்கும் ஒன்று. ஆனால் சம்பளப் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. இந்தச் சந்திப்பில் உண்டான உயர்வு தாழ்வை இருவரும் தத்தம் ஊருக்குச் சுமந்து சென்றார்கள். வேலையினால் ஏற்பட்ட தூரம் இயல்பினால் ஏற்பட்ட தூரம் போலத் தோன்றலாயிற்று.

“இல்லை, அவர்கள் வந்தேறிகள், நாங்கள் மண்ணின் மைந்தர், அதுவே வேற்றுமையின் வேர்” என்று சிலர் மறுக்கக்கூடும். இதனைச் சோதித்துப் பார்க்க ஓர் இடமிருக்கிறது, அதுதான் மலாயா. அங்கே இரு சாராருமே வந்தேறிகள். ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தாரை ரெயில்வே கிளாக்கராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் நில அளவைக் காரியாலயத்து உத்தியோகத்தராகவும் அழைத்துப் போனார்கள். தமிழகத்தாரை ரப்பர்த் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். இருவருக்கும் சொந்தமல்லாத அந்த மண்ணிலும் ‘சிலோன் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்ற பிளவு அப்படியே எழுந்தது. தனித்தனிச் சங்கங்கள், தனித்தனிச் சம்பந்தங்கள், அதே ஏளனம், அதே மனக்கசப்பு. மண்ணுரிமை இல்லாத இடத்திலும் பிளவு இருந்ததென்றால், அதன் வேர் மண்ணில் இல்லை. உத்தியோகத்திலும் கூலியிலும் இருக்கிறது.

மேலும், ஆங்கிலேயர் காலத்துக்கு முன்னும் அக்காலத்தின் பெரும்பகுதியிலும் பாக்கு நீரிணை ஒரு வேலியாக இருந்ததில்லை. நாவலர் 1864இல் சிதம்பரத்தில் பாடசாலை நிறுவினார். சி. வை. தாமோதரம்பிள்ளை தமிழகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். அவர்களை அங்கே எவரும் வந்தேறிகள் என்று ஒதுக்கவில்லை. அவர்களும் தமிழகத்தைப் பிறநாடென்று எண்ணவில்லை. ஏட்டுச்சுவடியோடு கடல் கடந்தவருக்கு இல்லாத அந்நியத்தன்மை, மண்வெட்டியோடு கடல் கடந்தவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

அந்த அந்நியத்தன்மை எழுத்தில் ஏறிய ஆண்டை நாம் திட்டமாகச் சொல்ல முடியும். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். அதன் இனப் பட்டியலில் தமிழர் ஒரே தொகுதியாக நின்றார்கள். தொகை ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவர் டென்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரி. அதில் தமிழர் இரண்டாயினர்: ‘இலங்கைத் தமிழர்’ 5 இலட்சத்து 28 ஆயிரம், ‘இந்தியத் தமிழர்’ 5 இலட்சத்து 31 ஆயிரம். பத்தாண்டு இடைவெளியில் மொழி மாறவில்லை, தெய்வம் மாறவில்லை. பட்டியலின் நிரல்கள் மாறின. இந்த நிரல்கள் வெறும் கணக்காக நின்றிருந்தால் கேடில்லை. பின்னர் அவை சட்டத்துக்குச் சட்டகமாயின.

அருணாசலத்தின் பெயர் வந்தபடியால் ஒன்று சொல்லவேண்டும். யாழ்ப்பாண வழிவந்த பிரமுகரெல்லாரும் தோட்டத் தொழிலாளரைப் புறக்கணித்தார்கள் என்பது உண்மைக்கு மாறானது. 1919இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கத்தை அமைத்தவரும், ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிலிடும் கொடிய விதிகளுக்கு எதிராகக் குரலெழுப்பியவரும் அவரே. யாழ்ப்பாணம் என்பதும் ஒரே உருவம் கொண்டதன்று. அங்கேயே ஒரு பகுதித் தமிழர் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். 1966இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டமும் அதற்குச் சாட்சி. தோட்டத்து மக்களில் பெருந்தொகையினர் தமிழகத்தில் தீண்டாமைக்கு ஆளான சாதியினர். கங்காணிமாரில் பலர் மேற்சாதியினர். யாழ்ப்பாணத்துக் ‘கந்தபுராண கலாசார’மும் கங்காணியின் லய ஒழுங்கும் உழைப்பாளியைக் கீழே வைப்பதில் ஒத்துப்போயின. தோட்டத்துச் சிறுவர் சிறுமியர் யாழ்ப்பாணத்து வீடுகளில் வேலைக்கு வைக்கப்பட்ட கதையைக் கலாசார வேற்றுமை என்ற சொல்லால் மூடிவிட முடியாது.

1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தது. வாக்குச்சீட்டு தோட்டத்து லயத்துக்குள்ளும் நுழையத் தொடங்கியது. கித்துல்கலவைச் சூழ்ந்த பிரதேசத்துக்கு அக்காலத்தில் ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. 1934, 1935ஆம் ஆண்டுகளில் களனிப் பள்ளத்தாக்கையும் கேகாலைப் பகுதியையும் மலேரியா சூறையாடியபோது, பருப்பும் மருந்தும் சுமந்து கிராமம் கிராமமாக நடந்த இளைஞர்கள் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா 1936இல் ருவான்வெல்லத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். இடதுசாரி இயக்கம் இந்நாட்டில் வேர்பிடித்த மண் இந்தச் சப்பிரகமுவ மண். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, தோட்டத் தொழிலாளரின் போராட்டம் நாட்டின் போராட்டமென்று உரத்துச் சொன்னவர்களும் அவர்களே.

சுதந்திரம் வந்த அதே ஆண்டில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை பிறந்ததற்கும் பாட்டன் பிறந்ததற்கும் பத்திரம் கேட்டது சட்டம். லயத்தில் பிறந்தவனுக்குப் பத்திரம் ஏது? 1949இன் 3ஆம் இலக்கச் சட்டப்படி ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. 1964 வரையில் உரிமை பெற்றவர்கள் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மாத்திரமே. 1947 பாராளுமன்றத்தில் மலைநாட்டுத் தமிழ்ப் பிரதிநிதிகள் அமர்ந்திருந்தார்கள். 1952 தேர்தலுக்குப் பின் அந்த ஆசனங்களில் அவர்களுள் ஒருவரும் இல்லை.

அந்த வேளையில் ‘இலங்கைத் தமிழர்’ என்ன செய்தார்கள்? ஜி. ஜி. பொன்னம்பலம் முதற்சட்டத்தை எதிர்த்தார். பின்னர் மந்திரிசபையில் சேர்ந்து, 1948இன் இறுதியில் இரண்டாம் மசோதாவை ஆதரித்து வாக்களித்தார். அதனை ஏற்காத செல்வநாயகமும் வன்னியசிங்கமும் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார்கள். மலைநாட்டாரின் பிரஜாவுரிமையைத் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக்கினார்கள். ‘அவர்கள் வேறு’ என்ற எண்ணம் ஒரு சாராரின் வாக்குரிமையைப் பறிக்கவும், தமிழரின் பாராளுமன்ற பலத்தையே குறைக்கவும் எவ்வளவு எளிதாகப் பயன்பட்டதென்பதற்கு இது சான்று. அயலான் வீட்டுக் கூரையைப் பிரிக்கச் சம்மதித்தவன் வீட்டிலும் மழை பெய்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது அதனைத் தடுக்கத் தோட்டத்துத் தமிழனிடம் வாக்கு இருக்கவில்லை.

இடதுசாரிகளாகிய நாம் பிறரை மட்டும் குற்றஞ்சாட்டி நின்றுவிடலாகாது. 1948இல் அச்சட்டத்தை உறுதியுடன் எதிர்த்தவர்கள் இடதுசாரித் தலைவர்கள். ஆனால் 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி அரசாங்கத்தில் சேர்ந்தது, என். எம். பெரேரா நிதி மந்திரியானார். அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் தேதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் எனக் கணக்கிடப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிகுதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றாயிற்று. மிகுதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரும் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டார்கள். பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. மலேரியாக் காலத்தில் இதே பள்ளத்தாக்கில் நடந்த கால்கள், இந்தப் பங்கீட்டின்போது அரசாங்கத்தின் பக்கத்தில் நின்றன என்பது நம் இயக்கத்தின் சரித்திரத்தில் அழியாத பக்கம்.

போனவர்களுக்கு என்ன நேர்ந்தது? நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளிலே அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் பலர் குடியேறினர். ரப்பர் வேலைக்கென்று கேரளத்துப் புனலூருக்கும் கன்னட நாட்டுச் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளுக்கும் சென்றவர்கள் உண்டு. இங்கே ‘இந்தியாக்காரன்’ என்று அனுப்பப்பட்டவன் அங்கே ‘சிலோன்காரன்’ ஆனான். அவன் பேச்சிலே சிலோன் சாயல் தெரிகிறதாம். அவன் சமையலில் தேங்காய் அதிகமாம். அவன் பழக்கவழக்கம் வேறாம். கலாசாரமே பிளவுக்குக் காரணமென்றால், பாட்டன் ஊருக்குத் திரும்பியவனை அந்தக் கலாசாரம் அணைத்துக்கொண்டிருக்க வேண்டுமே! அணைக்கவில்லை. கையில் நிலமின்றி வந்தவன் எங்கே போனாலும் அவனுடைய வேற்றுமைதான் முதலில் கண்ணில் படுகிறது.

போகாதவர்களின் கதை வேறு. சப்பிரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாத் தோட்டங்களைப் போல மலைமேல் தொடர்ச்சியாகக் கிடப்பவை அல்ல. சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகளாய்ச் சிதறிக் கிடப்பவை. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் இத்தீவுகள் எளிதில் எரிந்தன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்ட மக்கள் பட்ட துன்பம் குறிப்பிடத்தக்கது. லயத்தை இழந்த குடும்பங்கள் வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் பெயர்ந்தன. காந்தீயம் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் காடு வெட்டிக் குடியிருத்த உதவினார்கள். இரு தமிழரும் அங்கே ஒரே மண்ணில் வாழத் தொடங்கினர். ஆனால் நல்ல நிலமும் வாய்க்கால் நீரும் முன்னையோரிடம் இருந்தன. மேட்டுநிலமும் கூலிவேலையும் பின்னையோருக்கு எஞ்சின. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற குடியிருப்புகளில் காணிப் பத்திரத்துக்காகப் பல்லாண்டு காத்திருந்த குடும்பங்கள் உண்டு. 2009இல் போர் முடிந்தபோது குண்டு இரு தமிழரையும் பிரித்துப் பார்க்கவில்லை. மாண்டவர் பட்டியலிலும் முகாம் வேலிக்குள்ளும் மலைநாட்டு வழிவந்தோர் நிறைய இருந்தனர்.

1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியபோது தொண்டமான் தலைமையிலான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அதிலிருந்து விலகி நின்றதை யாழ்ப்பாணத்தில் பலர் குறை கூறினார்கள். தீர்மானம் வரைந்த தேசத்தின் படத்தில் கித்துல்கல இல்லை, அட்டனும் இல்லை. படத்துக்கு வெளியே விடப்பட்டவர்கள் அந்தப் படத்துக்காக ஏன் எழுந்து நிற்கவில்லை என்று கேட்பது நீதியாகுமா?

அப்படியானால் வேற்றுமை முழுதும் பொய்தானா, எல்லாரும் தமிழர் என்று சொல்லி ஒரே பெயருக்குள் அடங்கிவிடலாமா என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். அப்படிச் சொல்வதும் பிழையே. இருநூறு ஆண்டு உழைப்பு ஒரு மக்களுக்குத் தனியான நினைவையும் தனியான கலையையும் தனியான சொல்வளத்தையும் கொடுத்திருக்கிறது. மாசி மாதத்தில் தோட்டத்துத் திடலில் நடக்கும் காமன் கூத்து தமிழகத்திலிருந்து வந்ததுதான். ஆயினும் லயத்து வாழ்வோடு கலந்து அது இம்மக்களின் உடைமையாகிவிட்டது. கொழுந்து, கவ்வாத்து, பெரட்டு, கொந்தரப்பு என்ற சொற்களுக்குள் ஒரு சரித்திரமே இருக்கிறது. ‘இந்தியத் தமிழர்’ என்ற பெயரை மறுத்து ‘மலையகத் தமிழர்’ என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்வது அந்தச் சரித்திரத்தின் உரிமைக் குரல். 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவருக்கும் பிரஜாவுரிமை அளித்தது. 2023இல், இருநூறாம் ஆண்டு நினைவாக, முன்னோர் நடந்த பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். ஒரு மக்கள் தாமே தமக்கு இட்டுக்கொள்ளும் பெயரையும், மேசைக்குப் பின்னாலிருந்து பிறர் இடும் பெயரையும் நாம் ஒன்றாகக் கருதலாகாது.

இந்த இடத்தில் மலையகத்து நண்பர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. மலையகம் என்ற சொல்லைக் கேட்டதும் மனக்கண்ணில் தோன்றுவது தலவாக்கலையின் பச்சைத் தேயிலை. களனிப் பள்ளத்தாக்கின் ரப்பர் நிழல் அதில் தோன்றுவதில்லை. கித்துல்கல, தெரணியகலைத் தோட்டத்தார் உயர்மலைத் தமிழரின் கண்ணுக்கும் ஓரத்தவர்களே. இங்குள்ள தமிழ்ப் பாடசாலைகள் பெரும்பாலும் சிறியவை. மேல்வகுப்புக்குத் தொலைவு செல்லவேண்டும், அல்லது சிங்கள மொழிப் பள்ளியில் சேரவேண்டும். அப்படிச் சேர்ந்த பிள்ளை வீட்டில் தமிழும் வெளியே சிங்களமுமாய் வளர்கிறது. ‘இவர்கள் தமிழே சரியாகப் பேசமாட்டார்கள்’ என்று அதைப் பார்த்து மற்றத் தமிழர் சிரிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தார் மலையகத்தாருக்கு வைத்த அதே அளவுகோல் இப்பொழுது கை மாறியிருக்கிறது. சிரிப்பவர்கள் அப்பிள்ளைக்கு ஒரு தமிழ் ஆசிரியரைப் பெற்றுக் கொடுத்தார்களா என்று கேட்பதே நம் முதற்கடமை.

ஆசிரியர்களே, மாணவர்களே! வகுப்பறையில் இலங்கைத் தமிழர் சரித்திரம் கற்பிக்கும்போது 1823இன் வட்டுக்கோட்டையையும் சின்னப்பிட்டியையும் ஒரே பாடத்தில் வையுங்கள். 1901இன் பட்டியலையும் 1911இன் பட்டியலையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டுங்கள். 1948ஆம் ஆண்டின் வாக்கெடுப்பில் யார் எப்பக்கம் நின்றார்கள், 1964இல் யார் மௌனம் காத்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ‘கதைப்பதும்’ ‘பேசுவதும்’ ஒரே வகுப்பில் ஒலிக்கட்டும்; எந்தப் பிள்ளையும் தன் வீட்டுச் சொல்லுக்காக நாணாதிருக்கட்டும்.

கித்துல்கல ஆற்றங்கரையில் சினிமாவுக்குக் கட்டிய பாலத்தின் அத்திவாரத்தைத் தேடி வருவோருக்கு வழிகாட்டப் பலர் இருக்கிறார்கள். சயாமில் மாண்ட மலாயாத் தமிழனைப் பற்றியும், அதே ஆற்றுக்கு மேலே மலைச்சரிவில் இன்றும் விடியற்காலையில் பால் வெட்டப் புறப்படும் அவனுடைய உறவினனைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அந்த வேலையை நம் பாடசாலைகளிலிருந்து நாம் தொடங்குவோம்.